மறுநா என்ன செஞ்சாக?

அமெரிக்காவின் தென் மாநிலத்து நகரம் ஒன்றில், ஐம்பதுகளின் நடுவில், பேருந்தில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். எங்கள் வீட்டு ஜீப்பில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் ஒரு கங்காணி காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கங்காணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே என்னைப் பற்றியும் வரும். அதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடிவதற்குள் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். சாயங்காலம் இறங்கி வருவார்கள். ஆள் சேர்த்து, கூட்டிப்போய், வேலை வாங்கி, ஒருத்தரும் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர்தான் கங்காணி. என் அண்ணன் ஒரு ஜீப் வைத்திருந்தார். காலனியிலிருந்து அதில் ஏறுகிறவர்கள் இவரையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள், அவர்களுக்கு இவர் கங்காணி. என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், முப்பதைத் தாண்டாது. சேலைக்கு மேல் நீலக் கட்டம் போட்ட ஆம்பளை முழுக்கைச் சட்டை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். அது பத்து நிமிஷம் முன்னால் ஓடும், வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசில் அடித்தால் மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து நிற்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். மலை ஏறும்போது குமட்டுகிறவர்களுக்கு மோந்து பார்க்கக் கொடுப்பதற்கு.

அந்த ஜீப்பில் குமட்டுகிற ஆள் நான் ஒருவன்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. வரலாற்றில் எம்.பில். முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். என் ஆய்வு அந்த அமெரிக்க நகரத்துப் பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றியது. கறுப்பின மக்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போன கதை. மூன்று புத்தகங்களைப் பிரித்து நான்காவதாக ஒன்று கட்டியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் என்னை அறிவாளி என்று நம்பினார்கள். சும்மா கிடக்கிற அறிவாளியைப் பார்த்து அண்ணனுக்கு எரிச்சல். "காலைல ஜீப்புல போய்ட்டு வாடா. ஓனர் வீட்டு ஆளு ஒண்ணு வண்டியில இருந்தாத்தான் டிரைவரு ஒழுங்கா ஓட்டுவான்" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது. வளைவு வந்தால் வாந்தி வரும். அதனால் முன் சீட்டு எனக்கு என்று ஏற்பாடாயிற்று.

அப்போது பெரியகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓடுகிற வண்டியில் படித்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். எனவே ரோட்டைப் பார்த்தபடி ஆய்வேட்டை மனப்பாடமாக, உரக்க, தமிழில் சொல்லிப் பார்ப்பேன். தையல் வேலை செய்கிற ஒரு பெண் வேலை முடிந்து களைப்போடு பேருந்தில் ஏறுகிறாள். வெள்ளைக்காரன் ஒருவனுக்காக எழுந்திருக்கச் சொல்கிறார்கள். மறுக்கிறாள். கைது செய்கிறார்கள். ஊரே கொதிக்கிறது, பேருந்தில் ஏற மாட்டோம் என்று முடிவெடுக்கிறது. இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தி நிறுத்துவேன். நேர்முகத் தேர்வில் இங்கே கைதட்டல்கூட விழலாம் என்று ஒரு நினைப்பு.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"மறுநா என்ன செஞ்சாக?"

"நடந்தாங்க" என்றேன்.

"எல்லாருமா? கெழவி, கால் செத்தவுக, பிள்ளத்தாச்சி எல்லாருமா நடந்தாக?"

அது என் ஆய்வேட்டில் இல்லை. "வீரத்தோட நடந்தாங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். ஜீப் முழுக்கச் சிரிப்பு. டிரைவர்கூடச் சிரித்தார்.

அவருடைய குணமே அந்த ஒரு கேள்விதான். எதைச் சொன்னாலும் "மறுநா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தின் கதையைப் பெண்கள் ஜீப்பில் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணி, சுபம் என்று முடிப்பார்கள். "சரித்தா, மறுநா காலைல கொழாத் தண்ணிக்கு யாரு போனா? அவளா, அவனா?" என்று கேட்டுப் படத்தையே கெடுத்துவிடுவார். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர், ஜெயித்த அன்றைக்கே காலனிக்கு ரோடு போடுவதாகச் சொன்னாராம். "அன்னைக்கு மாலையும் கழுத்துமா இருப்பீக. மறுநா எங்கன இருப்பீக, அதச் சொல்லுங்க" என்று இவர் கேட்டதில் அவருக்கு வியர்த்துவிட்டது என்று டிரைவர் சொன்னார்.

கூட்டத்தில் சின்னவள் ஒருத்தி இருந்தாள், பத்தொன்பது வயது. செங்கல் சூளையில் வேலை பார்க்கிற பையன் ஒருவனை விரும்பினாள். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. கங்காணி நேராகச் சூளைக்கே போய்ப் பையனை நிறுத்தி, "தாலி கட்டுவ, சரி. மறுநா எங்கன சோறு?" என்று கேட்டாராம். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறுநா அவ ஒங்க ஜீப்புல வருவா, நான் இங்கன வருவேன். ராத்திரிக்கு யாரு மொதல்ல வீட்டுக்கு வாராகளோ அவுக ஒல வைப்பம்" என்றிருக்கிறான். இவரே முன்னால் நின்று கட்டி வைத்தார்.

எல்லோருக்கும் இந்தக் குணம் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. காலனியில் ஒரு சாவு வீடு. எல்லோரும் மாரடித்து அழுதுகொண்டிருக்க, இவர் போய் அந்த விதவையிடம் "நாளைக்கு மாட்ட யாரு கறப்பா?" என்று கேட்டுவிட்டார். "ஈரமத்த சிறுக்கி" என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் விடிவதற்கு முன்னால் மாட்டைக் கறந்து வைத்துவிட்டு ஜீப்புக்கு வந்தவர் இவர்தான். ஆனால் அந்தக் கிழவி அதற்குப் பிறகும் இவரோடு பேசவில்லை. இவரும் சமாதானம் செய்யப் போகவில்லை. வேலையிலும் கறாரானவர். ஒரு நாள் சொல்லாமல் நின்றால் அடுத்த நாள் ஜீப்பில் இடம் கிடையாது. எனக்கே அவரிடம் கொஞ்சம் பயம் இருந்தது.

பயம் இருந்தாலும் அவரை "நீ" என்றுதான் சொல்வேன். அவர் என்னைச் "சார்" என்பார், "வாங்க, போங்க" என்பார். இப்போது எழுதும்போது எவ்வளவு மரியாதையாக "அவர், இவர்" என்று வருகிறது பாருங்கள். அமெரிக்காவில் வயது வந்த கறுப்பின ஆண்களை வெள்ளைக்காரச் சிறுவர்கள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று என் ஆய்வேட்டில் கோபமாக ஒரு பத்தி உண்டு.

அவருடைய கேள்விகள் நிற்கவில்லை. தினமும் ஒன்று வரும். நடக்க முடியாதவர்களை யார் கூட்டிப்போனார்கள்? வண்டி இருந்தவர்கள் முறை வைத்துக் கூட்டிப்போனார்கள் என்றேன். அந்த வண்டி எங்கன நிக்கும்? தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. பஸ் ஏறி மதுரைக்குப் போய், பல்கலைக்கழக நூலகத்தில் தேடி, அடிக்குறிப்புகளைப் படித்துவிட்டு வந்து சொன்னேன். தேவாலய வாசல், மருந்துக்கடை முக்கு என்று இடங்கள் குறித்து வைத்திருந்தார்கள். வண்டிக்காரனுக்குப் போலீஸ் தொந்தரவு இல்லையா? இருந்தது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் வழக்குப் போட்டார்கள். அதுக்கு என்ன செஞ்சாக? வெள்ளைக்கார வீடுகளில் வேலைக்காரி இல்லாமல் எப்படி ஓட்டினார்கள்? சில எசமானியம்மாக்கள் தாங்களே கார் எடுத்துப் போய் வேலைக்காரியை ஏற்றி வந்தார்கள், நகரத்து மேயருக்கே அதில் மகா கோபம் என்றேன். இதைக் கேட்டு அவர் தொடையில் தட்டிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "அவ அவளுக்குச் சட்டி கழுவ ஆளு வேணும்ல!"

வழக்கில் ஜெயித்த இடத்துக்கு வந்தேன். என் ஆய்வேட்டின் கடைசி வரி அதுதான்: பேருந்தில் அனைவரும் சமமாக அமர்ந்தனர்.

"மறுநா?"

அதற்கும் ஒருமுறை மதுரை போனேன். சில நாளில் பேருந்துகளை நோக்கிச் சுட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த ஒரு கர்ப்பிணியின் கால்களில் குண்டு பாய்ந்திருக்கிறது. இடத்தைவிட்டு எழுந்திருக்க மறுத்த அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. கடைசியில் ஊரைவிட்டே போய்விட்டாள். மறுநாள் காலை இதைச் சொன்னபோது ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளத்தாச்சிக்குப் பெறகு?" என்று கங்காணி கேட்டார். நான் படித்த புத்தகத்தில் அதற்கு மேல் இல்லை என்றேன். "அத எழுதாம வேற என்னத்த எழுதுனாக?" என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் என்மேல்தான் என்று எனக்குப் பட்டது.

இவ்வளவு கேட்கிறாரே, என்ன அறிவுப் பசி என்று நான் பூரித்துப்போனேன். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஏழைப் பெண்களுக்கு உலக வரலாறு சொல்லிக்கொடுக்கிறோம் என்று ராத்திரி டைரியில் எழுதினேன். நல்லவேளை, அந்த டைரியைக் கரையான் தின்றுவிட்டது.

இனி, ஜீப்பில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் டிரைவரும் நானும். நடு சீட்டு எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேருக்கு. பின்னால் எதிரெதிராக இருக்கிற இரண்டு பலகைகளில் காலனிப் பெண்கள் பதினான்கு பேர். பலகையில் பத்துப் பேர் உட்காரலாம் என்றால் மீதி நான்கு பேர் குனிந்து நிற்பார்கள், அல்லது பின் படியில் தொங்குவார்கள். இது யாரும் போட்ட சட்டம் இல்லை. எழுதியும் ஒட்டவில்லை. ஜீப் முதலில் காலனிக்குப் போய் அவர்களை ஏற்றும், பிறகு எங்கள் தெருவுக்கு வரும். எங்கள் பெண்கள் வண்டியில் ஏறிக் காத்திருக்கக் கூடாது அல்லவா? அதனால் காலனியிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் நடு சீட்டு காலியாகவே வரும். அதற்குப் பின்னால் நான்கு பேர் குனிந்து நிற்பார்கள். "காலியான இருக்கைகளை ஒட்டி அவர்கள் நின்றுகொண்டே பயணம் செய்தனர்" என்பது என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்து வரி. அதைத்தான் தினமும் அந்தக் காலி சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத்துத் தார்ப்பாய் ஒழுகியது. சின்னவள் அப்போது ஆறு மாதம். அன்று காலை காலனியில் எல்லோரும் ஏறியதும் கங்காணியின் குரல் கேட்டது.

"ஏத்தா, நீ நடுவுல போய் உக்காரு."

சின்னவள் தயங்கினாள். கங்காணி அவள் கையைப் பிடித்து நடு சீட்டில் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். இன்னும் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தேன்.

எங்கள் தெரு முக்கில் ஐந்து பேரும் குடையோடு நின்றார்கள். அத்தை முறையில் ஒருத்தி எனக்கு அதில் உண்டு. நல்ல மனுஷி, ஆனால் வாய் பெரிது.

"இதென்னடி புதுப் பழக்கமா இருக்கு? எந்திரிங்கடி" என்றாள்.

"பிள்ளத்தாச்சி நிக்க முடியாது. அவ உக்காரட்டும். பின்னால எடம் பண்ணித் தாரோம், ஏறுங்க" என்றார் கங்காணி. குரலை உயர்த்தவில்லை.

"பின்னாலயா? நாங்களா?" அத்தை என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, பாத்துக்கிட்டு இருக்க? சொல்லு."

டிரைவர், "சொல்லுங்க சார்" என்றார். பின்னாலிருந்து சின்னவளும் என்னைப் பார்த்தாள். பத்தொன்பது பெண்களும் ஒரு டிரைவரும் என் வாயைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் எந்த வகுப்பிலும் எனக்கு அத்தனை கவனம் கிடைத்ததில்லை. அந்தத் தையல்காரப் பெண்ணும், நடந்த கால்களும், கைதட்டல் விழ வேண்டிய இடமும் எல்லாம் ஞாபகம் வந்தன. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. "ஏறுங்க" என்று அத்தையிடம் சொல்லியிருந்தால் போதும்.

நான் கதவைத் திறந்து, வெளியே தலையை நீட்டி, வாந்தி எடுப்பதுபோல நடித்தேன்.

ஜீப் நின்றுகொண்டிருந்தது. மலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஒரு வளைவுகூட வரவில்லை. "உவ்வே" என்று நான் போட்ட சத்தம் எனக்கே நம்பும்படியாக இல்லை. தோளுக்கு மேலே ஒரு கை வந்து எலுமிச்சம்பழத்தை நீட்டியது. "மோந்துக்கங்க சார். பதறாதீக" என்றார் கங்காணி. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குள் யாரோ சொல்லி அண்ணன் மொபெட்டில் வந்துவிட்டார். "ஒண்ணு பின்னால போ. இல்லாட்டி எறங்கு" என்றார்.

"எறங்கிக்கிறோம்ண்ணே" என்றார் கங்காணி.

பதினான்கு பேரும் இறங்கினார்கள். ஒருத்தரும் அழவில்லை, சண்டை போடவில்லை. தூக்குவாளியைச் சரிபார்த்துக்கொண்டு, மழைத்தாளைப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். அண்ணன் சிரித்தார். "நடந்தே மலையேறப் போறாளுகளாக்கும்!" கங்காணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகிற டெம்போ ஒன்று வந்து நின்றது. உள்ளே குறுக்காகப் பலகைகள் போட்டு, மேலே புதுத் தார்ப்பாய் கட்டியிருந்தது. மலையாளத்து டிரைவர் எட்டிப் பார்த்து, "சேச்சி, வேகம் கேறிக்கோ" என்று சீக்கிரம் ஏறச் சொன்னார். சின்னவளை முன் சீட்டில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். கங்காணி கடைசியாக ஏறினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி எங்கன நிக்கும், முறை வைத்தது யாரு, வண்டிக்காரனுக்குத் தொந்தரவு வந்தா என்ன செஞ்சாக என்று இரண்டு மாதமாக அவர் கேட்டதெல்லாம் அறிவுப் பசியில் அல்ல. தோட்டத்து முதலாளியிடம் முன்பே பேசி, டெம்போவை முடிவு செய்து, பலகை போட வைத்து, மறுநாளை முதலில் தயாராக்கிவிட்டுத்தான் அவர் நடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு வேண்டிய விவரத்தை இரண்டு தடவை மதுரைக்குப் போய்க் கொண்டுவந்து கொடுத்தவன் நான். செலவுக்குக் காசு கொடுத்தவர் என் அண்ணன்.

அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. "நீயாடா சொல்லிக் குடுத்த?" என்று கேட்டார். ஒரு புரட்சிக்குப் பின்னணியில் இருந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்த எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். "சத்தியமா இல்லண்ணே, நான் பாடந்தான் படிச்சேன்" என்றேன். சோற்றில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

ஐந்து பேருக்காக மலையேற ஜீப்புக்குக் கட்டாது. அண்ணன் ஜீப்பைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். ஐந்து பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். காய் எடுப்பு மும்முரமான சமயம், மற்ற ஜீப்புகளில் இடம் இல்லை. ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் அத்தை தூக்குவாளியோடு நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். டெம்போ வந்ததும், "அதுல எடம் கெடக்குமாடி?" என்று கேட்டாள். "ஏறுங்க சின்னாத்தா, பலகை நீளம்" என்றார் கங்காணி. அத்தை ஏறி இரண்டு காலனிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். மலை ஏறும்போது யாராவது ஒருத்தர் தோளைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். பிடித்திருப்பாள்.

அதில் அண்ணன் உடைந்துபோனார். பேசி முடிக்க என்னை அனுப்பினார். என்ன இருந்தாலும் படித்தவன் என்றார். இருபத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் காலனிக்குள் நடந்து போனேன். தினமும் ஜீப்பில் அதன் வாசல் வரைக்கும் போனவன்தான். கங்காணி வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"டீ குடிப்பீகளா சார்?"

வெயிலில் நடந்து வந்ததில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன்.

"சரி" என்றார். ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே அவரே குடித்தார்.

பேச்சு சீக்கிரம் முடிந்தது. அவர் கேட்டது ஒன்றுதான். யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்கள் விருப்பப்பட்ட இடத்தில் உட்காருவார்கள், முன் சீட்டும் சேர்த்து. சின்னவளுக்குப் பிரசவம் வரைக்கும் முன் சீட்டு.

"முன் சீட்டு வந்து… எனக்கு வாந்தி வருமே" என்றேன். ஒரு வருஷப் போராட்டத்தைப் பற்றி ஆய்வு செய்தவன் பேச்சுவார்த்தையில் வைத்த ஒரே கோரிக்கை அது.

"பின்னால காத்து நல்லா வரும் சார். நீங்களும் வாங்க. ஓனர் வீட்டாளு பின்னால உக்காந்தா மத்தவுக மறுத்துப் பேச மாட்டாக."

அண்ணன் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். முதல் நாள் நான் பின்பலகையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நடு சீட்டில் காலனிப் பெண்கள் மூவரும் எங்கள் தெருப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். அத்தை என் எதிரில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவில் எனக்கு நிஜமாகவே வந்தது. அன்று நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கங்காணி என் நெற்றியை ஒரு கையால் தாங்கி, வெளியே குனியவைத்துப் பிடித்துக்கொண்டார். மலை ஏறி முடிக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. முதலில் அத்தைதான் சிரித்தாள். பிறகு ஜீப்பே சிரித்தது. சிரித்த பிறகு பேச்சும் வந்துவிட்டது, யார் வீட்டில் என்ன குழம்பு என்கிற பேச்சு. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சமூக சேவை அந்த வாந்திதான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் இறங்கும்போது சொன்னார்: "வெறும் வயித்துல வராதீக. ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க. மறுநா வருவீகள்ல?"

"கண்டிப்பா" என்றேன்.

மறுநாள் நான் போகவில்லை. காய்ச்சல் என்று அண்ணனிடம் சொன்னேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை. பின்பலகையில் இன்னொரு நாள் உட்கார வேண்டுமே என்றுதான். ஒரு நாள் உட்கார்ந்தால் அது நல்ல கதை. தினமும் உட்கார்ந்தால் அதுதான் என் இடம் என்று ஆகிவிடும். அவர்கள் எத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பெரியகுளத்தில் வேலை கிடைத்தது. தப்பித்தேன் என்று ஓடினேன். ஜீப் பிறகும் அந்த முறைப்படியே ஓடியது. ஒன்றிரண்டு முறை சண்டை வந்து தீர்ந்ததாக அண்ணன் சொன்னார்.

கல்லூரியில் வருஷா வருஷம் அந்தப் பேருந்துப் புறக்கணிப்பைப் பாடம் எடுத்தேன். பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன். தலைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள்: போராட்டம் வென்றதற்கு மறுநாள் என்ன நடந்தது, அந்தக் கர்ப்பிணிக்கு என்ன ஆயிற்று, வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள். "யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்" என்று என் நெறியாளர் பாராட்டினார். எப்படித் தோன்றியது என்றார். "தரவுகளைப் படிக்கப் படிக்கத் தோணிச்சு சார்" என்றேன். நன்றியுரை இரண்டு பக்கம் எழுதினேன். நெறியாளர், நூலகர், தட்டச்சு செய்து கொடுத்தவர், அண்ணன், மனைவி. கங்காணியையும் சேர்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். பெயர் தெரியவில்லை. கங்காணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர் கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்தொன்பதில் ஒரு நாள், தேனியில் ஆய்வேட்டை பைண்டிங் செய்து வாங்கிக்கொண்டு, கம்பம் பஸ்ஸில் முதல் சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். முதல் சீட்டு ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் கிளம்புகிற சமயத்தில், பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கங்காணி ஏறினார். மேலே அந்த ஆம்பளைச் சட்டை இல்லை, நல்ல சேலை. கைக்கடிகாரம் அதே உள்பக்கம். பஸ்ஸில் இடம் இல்லை.

நான் எழுந்து, "உக்காருங்க" என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அடடா, சாரு! நீங்க உக்காருங்க சார், ஒங்களுக்குத்தான் ஆகாதுல்ல."

"பரவாயில்ல. உக்காருங்க."

குழந்தையை ஜன்னலோரமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சின்னவ மகதேன். அன்னைக்கு வயித்துல இருந்த ஆளு. தேனியில ஓட்டப்பந்தயம், ரெண்டாவதா வந்திருக்கா. இவளுக்கும் பஸ்ஸுனா வாந்தி சார். முன் சீட்டு இல்லாட்டி ஏற மாட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு என் பையைப் பார்த்தார். "என்ன சார் இம்புட்டு புஸ்தகம்? அதே பஸ்ஸா?"

"அதே பஸ்தான். அதுக்கு மறுநாள்."

அவர் சிரிப்பு நின்றது. "அது ஏங்கேள்வில்ல?"

"ஆமா."

"ஏம் பேரு போட்டிருக்கீகளா?"

இல்லை என்றேன். பெயர் தெரியாது என்பதையும் சொல்லிவிட்டேன். பத்து வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். இப்போது சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். அழகான பெயர். "ஆனா அச்சடிச்ச பெறகு கேக்குறீக. இனிமே எங்கனயும் எழுதாதீக" என்றார். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குழந்தையின் தலையைத் தடவியபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"மறுநா ஏன் சார் வரல? டிரைவர நிப்பாட்டச் சொல்லிக் காத்துக் கெடந்தோம்."

நிப்பாட்டியது எனக்குத் தெரியாது. அவர் யாருக்காகவும் ஜீப்பை நிறுத்துகிறவர் இல்லை.

"காய்ச்சல்" என்றேன்.

கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பத்து வருசமாவா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. நிஜமாகவே வந்தது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, குழந்தைக்காக வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மோந்துக்கிட்டு நில்லுங்க. கம்பத்துக்கு இன்னும் நெறையத் தூரம் கெடக்கு."

நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.